ஒரு டிப்ளமோ மாணவர் உலகுக்குத் தந்த ஒளி



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மாணவர் மன்றச் செயலாளர் கேட்டபோது, கவிதை எழுதலாமா, துணுக்கு எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். கவிதை எழுத நம்ம வகுப்பிலேயே பத்துப் பேர் இருக்காங்க. அதனால் ஒரு மனிதருடைய வாழ்க்கையை எழுதுவது என்று முடிவு செய்தேன். அவர் பெயர் வில்ஹெல்ம் கான்ராட் ராண்ட்ஜன். எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தவர். பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்விக்கு நாம் எல்லோரும் எழுதிய பெயர்தான். அந்த ஒரு மார்க்குக்குப் பின்னால் இவ்வளவு பெரிய கதை இருக்கிறது என்று போன வருடம் வரை எனக்குத் தெரியாது.

தெரியவந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான்காம் பருவத் தேர்வுக்கு இருபது நாள்தான் பாக்கி. எங்க அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்குபவர். லாரியிலிருந்து இறங்கும்போது பலகை சறுக்கிக் கீழே விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு பந்து மாதிரி வீங்கிவிட்டது. பத்துப் போட்டுக் கட்டினால் சரியாகிடும் என்று அம்மா சொன்னாங்க. நான்தான் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். படம் எடுத்தார்கள். டாக்டர் அந்த ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முப்பது வருடமாக மூட்டை தூக்கிய கை அது. அதற்குள்ளே இருந்த எலும்பை அன்றைக்குத்தான் நானும் அப்பாவும் முதல்முறையாகப் பார்த்தோம். எலும்பில் மெல்லிய கோடு ஒன்று ஓடியது. அதுதான் முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு போட வேண்டும், அதற்கப்புறமும் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை உறையோடு ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். நான் பரீட்சைக்குப் படிக்கும்போதெல்லாம் அது கண்ணெதிரே தொங்கியது. இதை முதன்முதலில் எடுத்தவன் யார், எப்படி எடுத்தான் என்ற கேள்வி மனசை விட்டுப் போகவே இல்லை. பரீட்சை முடிந்ததும் நம் நூலகத்தில் தேடிப் படித்தேன். நான் படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பெயர் சொல்லாத மாணவன்

ராண்ட்ஜன் 1845-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் தேதி ஜெர்மனியில் லென்னெப் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா துணி வியாபாரி. வீட்டுக்கு ஒரே பிள்ளை. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் நம்மில் பலரைப் போல ஏழை வீட்டுப் பிள்ளை இல்லை, சாப்பாட்டுக்குக் குறைவில்லாத குடும்பம்தான். ஆனால் படிப்பு விஷயத்தில் அவர் பட்ட பாடு நாம் படுவதை விடக் கொஞ்சமும் குறைவில்லை.

அவருக்கு மூன்று வயது இருக்கும்போது குடும்பம் ஹாலந்து நாட்டின் அபெல்டோர்ன் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. படிப்பில் அப்படியொன்றும் சூரப்புலி இல்லை. காட்டில் சுற்றுவதும், கையால் சின்னச் சின்னக் கருவிகள் செய்வதும்தான் அவருக்குப் பிடித்த வேலை. 1862-இல் ஊட்ரெக்ட் நகரில் ஒரு தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார்.

அங்கேதான் வினை வந்தது. வகுப்பில் ஒருவன் வாத்தியாரைக் கேலிப்படமாக வரைந்துவிட்டான். பழி ராண்ட்ஜன் மேல் விழுந்தது. வரைந்தது யார் என்று சொல்லச் சொன்னார்கள். அவர் சொல்லவில்லை. நண்பனைக் காட்டிக் கொடுக்க மாட்டேன் என்று நின்றார். பள்ளியை விட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நம்ம ஹாஸ்டல் ஞாபகம்தான் வந்தது. வேறு எதுவும் சொல்ல மாட்டேன். சம்பந்தப்பட்டவர்கள் புரிந்துகொள்வீர்கள்!

நண்பர்களே, ஒரு பள்ளியை விட்டு நீக்கினால் இன்னொரு பள்ளி என்று நாம் நினைக்கலாம். அந்தக் காலத்தில் அப்படி இல்லை. பள்ளி இறுதிச் சான்றிதழ் இல்லாமல் பல்கலைக்கழகத்துக்குள் முறையாக நுழைய முடியாது. லத்தீனும் கிரேக்கமும் படித்திருக்க வேண்டும். ராண்ட்ஜன் 1865-இல் ஊட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கொஞ்ச காலம் வகுப்புகளில் உட்கார்ந்து பாடம் கேட்டார். ஆனால் முறையான மாணவராகப் பதிவு கிடைக்கவில்லை. பாடம் கேட்கலாம், பட்டம் கிடையாது. பந்தியில் உட்கார வைத்துவிட்டு இலை போடாத கதை!

கைகொடுத்த பாலிடெக்னிக்

அப்போதுதான் ஒரு செய்தி அவர் காதுக்கு எட்டியது. சுவிட்சர்லாந்தில் ஜூரிச் நகரில் ஒரு பாலிடெக்னிக் இருக்கிறது, அங்கே பள்ளி இறுதிச் சான்றிதழ் இல்லாதவரும் சேர வழி இருக்கிறது என்பதுதான் அந்தச் செய்தி. 1865-ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே போய்ச் சேர்ந்தார். என்ன பிரிவு தெரியுமா? நம்ம மெக்கானிகல்! 1868 ஆகஸ்டில் இயந்திரப் பொறியியலில் டிப்ளமோ வாங்கினார்.

இதைப் படித்ததும் ஹாஸ்டல் முழுக்க ஓடிப்போய்ச் சொன்னேன். எங்க லெக்சரர் மட்டும் சிரித்துக்கொண்டே ஒரு விஷயத்தைத் திருத்தினார். அந்தக் காலத்து ஜூரிச் டிப்ளமோ இன்றைய பொறியியல் பட்டத்துக்குச் சமம், நம்ம மூன்று வருடப் படிப்பு மாதிரி இல்லை என்றார். உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பல்கலைக்கழகம் சேர்க்காத ஒருவரைச் சேர்த்துக்கொண்டது ஒரு பாலிடெக்னிக்தான் என்பதும் உண்மைதானே! அதே ஜூரிச் பாலிடெக்னிக்கில் 1900-ஆம் ஆண்டு டிப்ளமோ வாங்கிய இன்னொருவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன். அவரும் உதவியாளர் வேலை கேட்டுப் பல பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதி, எங்கும் கிடைக்காமல், 1902-இல் காப்புரிமை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்தான்.

உதவியாளர் என்னும் வாசல்

டிப்ளமோ கையில் வந்துவிட்டது. அடுத்து என்ன செய்வது? இந்தக் கேள்வி நமக்கு மட்டும் இல்லை, ராண்ட்ஜனுக்கும் இருந்தது. இயந்திரத் தொழிலில் போக அவருக்கு மனம் ஒட்டவில்லை. அந்தச் சமயத்தில் ஆகஸ்ட் குண்ட் என்ற இளம் இயற்பியல் பேராசிரியர் ஜூரிச்சுக்கு வந்தார். குழாயில் நுண்தூளைப் போட்டு ஒலியின் வேகத்தை அளக்கும் சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குண்ட் குழாய் என்று இவர் பெயரால்தான் அது வழங்குகிறது. அவர்தான் ராண்ட்ஜனை இயற்பியல் பக்கம் திருப்பியவர். வாயுக்களைப் பற்றி ஆராய்ந்து எழுதி 1869-இல் ஜூரிச் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார் ராண்ட்ஜன். பிறகு குண்டிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

ஆராய்ச்சி உலகத்தில் உதவியாளர் வேலை என்பது ஏதோ எடுபிடி வேலை என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. கருவியைப் பொருத்துவது, கசிவு இல்லாமல் அடைப்பது, அளவு எடுப்பது, எடுத்த அளவு தப்பா சரியா என்று மறுபடியும் சோதிப்பது எல்லாம் உதவியாளரின் பொறுப்பு. இதில் கை பழகியவன்தான் பின்னால் சொந்தமாக ஆராய்ச்சி செய்ய முடியும். ராண்ட்ஜன் பிற்காலத்தில் பெரிய பேராசிரியர் ஆன பிறகும் தனியாக வேலை செய்வதையே விரும்பினார். தன் கருவிகளில் பெரும்பாலானவற்றைத் தானே செய்துகொண்டார். ஒர்க்‌ஷாப் பயிற்சி வீண் போகவில்லை!

1870-இல் குண்டுக்கு ஜெர்மனியில் உள்ள வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. உதவியாளரையும் கூடவே அழைத்துப் போனார். அங்கே ராண்ட்ஜன், பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் தகுதி கேட்டு விண்ணப்பித்தார். டாக்டர் பட்டம் இருக்கிறது, ஆராய்ச்சி இருக்கிறது, பேராசிரியரின் சிபாரிசும் இருக்கிறது. ஆனாலும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஏன்? பள்ளி இறுதிச் சான்றிதழ் இல்லை! ஒரு கேலிப்படம் இத்தனை வருடம் கழித்தும் ஜெர்மனி வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தது.

1872-இல் இரண்டு நல்ல காரியங்கள் நடந்தன. ஜனவரியில் அன்னா பெர்தா லுட்விக் என்ற பெண்ணை மணந்தார். பெர்தா ஜூரிச்சில் ஒரு சிற்றுண்டி விடுதி நடத்தியவரின் மகள். இவரை விட ஆறு வயது மூத்தவர். அதே ஆண்டு குண்டுக்கு ஸ்ட்ராஸ்பர்க் நகரில் இடம் கிடைக்க, இவரும் கூடப் போனார். அது புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகம். பழைய சான்றிதழைக் கேட்டு நச்சரிக்கவில்லை. 1874-இல் அங்கே பாடம் நடத்தும் தகுதியைக் கொடுத்துவிட்டார்கள். வூர்ட்ஸ்பர்க் மறுத்ததை ஸ்ட்ராஸ்பர்க் தந்தது.

அதற்குப் பிறகு படிப்படியாக ஏறினார். 1875-இல் ஹோஹன்ஹைம் வேளாண்மைக் கல்லூரியில் பேராசிரியர் பதவி. பதவி பெரிசு, ஆனால் ஆய்வுக்கூட வசதி போதவில்லை. மறு ஆண்டே ஸ்ட்ராஸ்பர்க் திரும்பிவிட்டார். 1879-இல் கீசன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். அங்கே ஒன்பது வருடம். தம்பதிக்குக் குழந்தை இல்லை. பெர்தாவின் அண்ணன் தம்பி என்று இருந்தது ஒரே ஒருவர். அவருடைய ஆறு வயது மகளை 1887-இல் தங்கள் மகளாக வளர்க்கத் தொடங்கினார்கள்.

1888-இல் இன்னோர் அழைப்பு வந்தது. இயற்பியல் துறைத் தலைவராக வாருங்கள் என்ற அழைப்பு. எங்கிருந்து? சான்றிதழ் இல்லை என்று கதவைச் சாத்திய அதே வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திலிருந்து! பதினெட்டு வருடம் கழித்து அதே வாசல் வழியாகத் தலைவராக உள்ளே போனார். 1894-இல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தலைமைப் பொறுப்பில் ரெக்டராகவும் ஆனார். இதை நான் அப்பாவிடம் சொன்னபோது அவர் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை இரவு

இனிமேல்தான் கதையின் முக்கியமான கட்டம். 1895 நவம்பர் 8, வெள்ளிக்கிழமை. ராண்ட்ஜனுக்கு அப்போது ஐம்பது வயது.

காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய்க்குள் அதிக மின்னழுத்தத்தைச் செலுத்தினால், எதிர்மின்வாயிலிருந்து கேதோடு கதிர்கள் கிளம்பும். அப்போது ஐரோப்பாவில் பல ஆய்வுக்கூடங்களில் இந்தச் சோதனை நடந்துகொண்டிருந்தது. ராண்ட்ஜனும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். குழாயைக் கறுப்பு அட்டையால் மூடி, வெளிச்சம் துளிகூடக் கசியாதபடி செய்து, அறையை இருட்டாக்கினார். மின்சாரத்தைச் செலுத்தினார். தள்ளி வைத்திருந்த ஒரு திரை மினுமினு என்று ஒளிர்ந்தது. அது பேரியம் பிளாட்டினோ சயனைடு என்னும் உப்பைப் பூசிய திரை.

கேதோடு கதிர் காற்றில் சில சென்டிமீட்டர் தூரம்தான் போகும். இந்தத் திரையோ இரண்டு மீட்டர் தள்ளி வைத்தாலும் ஒளிர்ந்தது. அப்படியானால் அட்டையைத் தாண்டி வருவது என்ன?

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இந்தக் கதிர் அன்றைக்குத்தான் முதல்முதலாக உண்டானது என்று இல்லை. குழாயை வைத்துச் சோதனை செய்த மற்றவர்களின் அறைகளிலும் அது உண்டாகித்தான் இருந்தது. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரில் குட்ஸ்பீட் என்ற பேராசிரியரும் ஜென்னிங்ஸ் என்ற புகைப்படக்காரரும் 1890 பிப்ரவரியிலேயே, தங்களுக்குத் தெரியாமல், ஓர் எக்ஸ்ரே படத்தை எடுத்துவிட்டார்கள். தகட்டில் வட்டமாக ஏதோ நிழல் விழுந்திருந்தது. ஏன் என்று புரியாமல் அப்படியே எடுத்து வைத்துவிட்டார்கள். ராண்ட்ஜன் எடுத்து வைக்கவில்லை, ஏன் என்று கேட்டார். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்குத்தான் நோபல் பரிசு!

அடுத்த ஏழு வாரம் அவர் ஆய்வுக்கூடமே கதியென்று கிடந்தார். சாப்பாடும் தூக்கமும் பல நாள் அங்கேயே. கண்டதை யாரிடமும் சொல்லவில்லை. கதிருக்குக் குறுக்கே கையில் கிடைத்ததையெல்லாம் வைத்துப் பார்த்தார். ஆயிரம் பக்கப் புத்தகத்தைத் தாண்டித் திரை ஒளிர்ந்தது. தடித்த மரக்கட்டையைத் தாண்டியும் ஒளிர்ந்தது. 15 மில்லிமீட்டர் அலுமினியம் கதிரைக் குறைத்ததே தவிர, முழுதாகத் தடுக்கவில்லை. ஆனால் 1.5 மில்லிமீட்டர் காரீயத் தகடு கிட்டத்தட்ட முழுவதும் தடுத்துவிட்டது. என்ன கதிர் என்று தெரியாததால், கணக்கில் தெரியாத எண்ணுக்கு வைக்கும் எழுத்தையே பெயராக வைத்தார். அப்படித்தான் எக்ஸ் கதிர் என்ற பெயர் வந்தது.

இதன் விளக்கம் இப்போது நமக்குத் தெரியும். வேகமாகப் பாயும் எலக்ட்ரான்கள் கண்ணாடியிலோ உலோகத்திலோ மோதிச் சட்டென்று வேகம் குறையும்போது, இழந்த ஆற்றலில் ஒரு பகுதி கதிராக வெளியே வருகிறது. நம் சதையில் இருப்பதெல்லாம் லேசான அணுக்கள். எலும்பில் கால்சியம் இருக்கிறது. அது கதிரை அதிகம் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் படத்தில் எலும்பு தனியாகத் தெரிகிறது. எங்க அப்பாவின் மணிக்கட்டில் இருந்த கோடும் இதே கணக்கில் விழுந்த நிழல்தான்.

மனைவியின் கை

டிசம்பர் 22-ஆம் தேதி ராண்ட்ஜன் மனைவியை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்தார். புகைப்படத் தகட்டின் மேல் கையை வைக்கச் சொன்னார். சுமார் 15 நிமிடம் பெர்தா கையை அசைக்காமல் வைத்திருந்தார். கழுவி எடுத்த தகட்டில் விரல் எலும்புகளும், ஒரு விரலில் மோதிரமும் தெரிந்தன. தன் எலும்பைத் தானே பார்த்த அந்த அம்மாள் சாவையே பார்த்துவிட்டது போலப் பயந்துவிட்டார் என்று சொல்வார்கள். உலகப் புகழ் பெற்ற படம் அதுதான். நோபல் பரிசு வாங்கிய கையை நமக்குத் தெரியாது. இந்தக் கையை எல்லோருக்கும் தெரியும்!

டிசம்பர் 28-ஆம் தேதி தன் கட்டுரையை வூர்ட்ஸ்பர்க் இயற்பியல் மருத்துவக் கழகத்திடம் கொடுத்தார். ஜனவரி முதல் தேதி அச்சுப் பிரதிகளையும் படங்களையும் தெரிந்த விஞ்ஞானிகளுக்குத் தபாலில் அனுப்பினார். 5-ஆம் தேதி வியன்னா பத்திரிகையில் செய்தி வந்துவிட்டது. 13-ஆம் தேதி ஜெர்மன் சக்கரவர்த்தி முன்னால் செய்து காட்டினார். 23-ஆம் தேதி வூர்ட்ஸ்பர்க்கில் சொற்பொழிவு. கூட்டத்தில் இருந்த கோலிக்கர் என்ற புகழ்பெற்ற உடற்கூறு அறிஞரின் கையை அங்கேயே படம் எடுத்துக் காட்டினார். ராண்ட்ஜன் கதிர் என்று பெயர் வைக்கலாம் என்று கோலிக்கர் எழுந்து சொல்ல, அரங்கம் கைதட்டியது.

அதே 1896 பிப்ரவரி 3-ஆம் தேதி அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியில், பனிச்சறுக்கில் விழுந்து கையை முறித்துக்கொண்ட 14 வயதுப் பையனுக்குப் படம் எடுத்தார்கள். ஜெர்மனியில் கட்டுரை கொடுத்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. நம்புங்கள், இந்த வரியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பையனின் கைக்கும் எங்க அப்பாவின் கைக்கும் நடுவில் நூற்றிருபது ஆண்டுக்கும் மேல். ஆனால் உதவி ஒன்றுதான்.

மெக்கானிகல் மாணவர்களுக்கு இன்னொரு செய்தி. ராண்ட்ஜன் தன் முதல் கட்டுரையிலேயே, ஓர் உலோகத் துண்டின் உள்ளே இருந்த குறையைப் படம் எடுத்துக் காட்டியதாகவும் எழுதியிருக்கிறார். வார்ப்பில் உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறதா, வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று அறுத்துப் பார்க்காமல் சோதிக்கிறோமே, அந்தத் தொழிலின் முதல் படியும் அவர் போட்டதுதான். டாக்டருக்குக் கொடுத்தது பாதி, நமக்குக் கொடுத்தது பாதி.

காசு வேண்டாம் என்றவர்

இந்தக் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வாங்கியிருந்தால் அவர் கோடீஸ்வரர் ஆகியிருக்கலாம். வாங்கவில்லை. இது எல்லோருக்கும் சொந்தம் என்று விட்டுவிட்டார். பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் பிரபுப் பட்டம் கொடுத்தபோது அதையும் ஏற்கவில்லை. 1901-இல் முதன்முதலாக நோபல் பரிசு வழங்கியபோது, இயற்பியலுக்கான பரிசு இவருக்குத்தான் கிடைத்தது. ஸ்டாக்ஹோம் போய் வாங்கிக்கொண்டார். மேடைப் பேச்சு என்றால் கூச்சம், அதனால் நோபல் சொற்பொழிவு நிகழ்த்தவே இல்லை. பரிசுப் பணத்தை வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். எந்த வூர்ட்ஸ்பர்க்? சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பிய அதே வூர்ட்ஸ்பர்க்!

1900-இல் மியூனிக் பல்கலைக்கழகத்துக்குப் போனவர் கடைசி வரைக்கும் அங்கேயே இருந்தார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் பயின்ற இளைஞர்கள் பலர். ரஷ்யாவிலிருந்து வந்து அவரிடம் உதவியாளராக இருந்த ஐயோஃபே, பின்னால் சோவியத் இயற்பியலின் முன்னோடிகளில் ஒருவர் ஆனார். 1912-இல் எக்ஸ் கதிரைப் படிகத்தின் வழியாகச் செலுத்தி அணுக்களின் அடுக்கைக் காட்டிய சோதனையும் மியூனிக்கில்தான் நடந்தது. யோசனை மாக்ஸ் ஃபான் லாவேயுடையது. கையால் செய்து காட்டியவர்கள் ஃபிரீட்ரிக், நிப்பிங் என்ற இருவர். இரண்டு பேருமே ராண்ட்ஜனிடம் பயின்றவர்கள். ஒரு காலத்தில் அவருக்கு குண்ட் கொடுத்த இடத்தை இவர் மற்றவர்களுக்குக் கொடுத்தார்.

வெளிச்சத்தோடு நிழலும் உண்டு. இந்தக் கதிரின் ஆபத்து ஆரம்பத்தில் யாருக்கும் தெரியவில்லை. கையைக் காட்டிக் காட்டிச் சோதனை செய்தவர்கள் பலர் விரலை இழந்தார்கள். எடிசனிடம் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி கைகளை இழந்து, 1904-இல் உயிரையும் இழந்தார். ஆராய்ச்சி வேலை என்று போனால் பேட்ஜும் காரீயத் தடுப்பும் கட்டாயம் என்கிறார்களே, அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இப்படிப்பட்ட உதவியாளர்களின் உயிர் இருக்கிறது. அதை மறக்கக் கூடாது.

ராண்ட்ஜனின் கடைசி நாட்கள் சந்தோஷமாக இல்லை. 1919-இல் பெர்தா இறந்துபோனார். 1920-இல் இவர் ஓய்வு பெற்றார். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் வந்த பணவீக்கத்தில் சேமிப்பெல்லாம் கரைந்தது. 1923 பிப்ரவரி 10-ஆம் தேதி, 77-ஆம் வயதில், குடல் புற்றுநோயால் மியூனிக்கில் காலமானார். தன் ஆய்வுக் குறிப்புகளையும் கடிதங்களையும் எரித்துவிடச் சொல்லியிருந்தார். கீசன் நகரில் பெற்றோரும் மனைவியும் உறங்கும் இடத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள். 1994-இல் உண்டாக்கப்பட்ட 111-ஆம் தனிமத்துக்கு 2004-இல் ராண்ட்ஜனியம் என்று பெயர் வைத்தார்கள்.

நமக்கு என்ன?

இதெல்லாம் சரி, நமக்கு என்ன என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

இந்த வருடம் நம் டிப்பார்ட்மெண்ட் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் தொழில்நுட்ப உதவியாளர் வேலை. கதிர்ப்படம் எடுத்து உலோகத்தைச் சோதிக்கும் பிரிவு. மெக்கானிகல் டிப்ளமோ, முதல் வகுப்பு வேண்டும். கடைசி ஆண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். இரண்டு வாரம் அந்தத் தாள் அங்கேயே இருந்தது. நின்று முழுசாகப் படித்தவர்கள் ரொம்பக் குறைவு. ஆராய்ச்சி நிலையத்துல நமக்கு என்னடா வேலை, டீ வாங்கிக் கொடுக்கவா என்று ஒரு நண்பன் சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

விஷயம் இதுதான் நண்பர்களே. விண்வெளி மையங்களும், அணுசக்தித் துறை நிலையங்களும், மத்திய அரசின் அறிவியல் ஆய்வுக்கூடங்களும் டிப்ளமோ படித்தவர்களுக்கென்றே வேலை வைத்திருக்கின்றன. விஞ்ஞானி பதவிக்கு வேறு படிப்பு வேண்டும், அது வேறு. ஆனால் கருவியை ஓட்ட, பழுது பார்க்க, படம் எடுக்க நம்மைப் போன்றவர்கள்தான் வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன். ராண்ட்ஜனுக்குப் பின் உடலைத் துண்டு துண்டாகப் படம் எடுக்கும் ஸ்கேன் கருவியை உருவாக்கினார் ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயர். 1971 அக்டோபர் 1-இல் லண்டனில் முதல் நோயாளிக்கு அதில் படம் எடுத்தார்கள். 1979-இல் அவருக்கு நோபல் பரிசு. அவர் படித்தது பல்கலைக்கழகத்தில் இல்லை, ஒரு மின்பொறியியல் கல்லூரியில் வாங்கிய டிப்ளமோதான்!

எங்க வீட்டு நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். அப்பா இப்போது மூட்டை தூக்குவதில்லை. அதே மண்டியில் ராத்திரிக் காவல் பார்க்கிறார். கூலி பாதிதான். பரீட்சை முடிந்த மறுநாளே பனியன் கம்பெனியில் சேர்த்துவிடுகிறேன் என்று மாமா சொல்லியிருக்கிறார். அது தப்பும் இல்லை, தேவையும்கூட. நான் போகத்தான் போகிறேன். ஆனால் அதோடு அந்த விண்ணப்பத்தையும் எழுதினேன்.

விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்று ஒரு கட்டம். விவசாயம் என்று போடுடா, கௌரவமாக இருக்கும் என்றான் நண்பன். நான் சுமை தூக்கும் தொழிலாளி என்றே எழுதினேன். தபால் உறையை ஒட்டியவர் அப்பா. வலது கையால், மெதுவாக, ஓரம் பிசகாமல் அழுத்தி ஒட்டினார்.

பதில் இன்னும் வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் அடுத்த அறிவிப்புக்கு எழுதுவேன். ராண்ட்ஜனுக்கு ஊட்ரெக்ட் இல்லை என்றால் ஜூரிச் இருந்தது, வூர்ட்ஸ்பர்க் இல்லை என்றால் ஸ்ட்ராஸ்பர்க் இருந்தது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை அறிவிப்புப் பலகையில் அப்படி ஒரு தாளைப் பார்த்தால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். நின்று கடைசி வரி வரைக்கும் படியுங்கள். கடைசித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து அறை நண்பனுக்கும் சொல்லுங்கள்.



மூன்றாம் ஆண்டு,
இயந்திரவியல் பிரிவு